கைராசியா, கைவேலையா?

"சித்தப்பா, இந்த லேப்டாப் அக்கா பக்கம்" என்றான் அண்ணன் மகன். அழுதிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். அழவில்லை. பஞ்சாயத்தில் பிராது கொடுப்பவனைப் போல நிமிர்ந்து நின்று சொன்னான். வயது பத்து.

கத்திரி வெயில் நேரம். சத்துவாச்சாரியில் எங்கள் மாடி வீட்டில் பதினொரு மணிக்கு மேல் மொட்டைமாடிப் படியில் கால் வைக்க முடியாது. அவனையும் பதின்மூன்று வயதான என் மகளையும் மாலை வரை வீட்டுக்குள் உட்காரவைப்பதற்காகத்தான் இரவுகளில் கண் விழித்து ஒரு சின்ன வீடியோ விளையாட்டைச் செய்துகொடுத்தேன். பகலில் எனக்கு ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் வரைபடம் போடும் வேலை. நிரல் எழுதுவது பொழுதுபோக்கு.

கதை எளிமையானது. இலவம்பாடியிலிருந்து அக்காவும் தம்பியும் ஒரு மூட்டை முள்ளுக் கத்திரிக்காயுடன் வேலூர் மார்க்கெட்டுக்கு வருகிறார்கள். (2023இல் புவிசார் குறியீடு பெற்ற அதே கத்திரிக்காய்தான், காம்பைக் கவனிக்காமல் பிடித்தால் விரலில் ஏறும்.) மூட்டை மாறிப்போகிறது. கடைசி பஸ் கிளம்புவதற்குள் கண்டுபிடிக்க வேண்டும். சண்டை கிடையாது, வாள் கிடையாது, எல்லாம் பேச்சுதான். பஸ் நடத்துநர், மண்டிக் கணக்குப்பிள்ளை, கோட்டை வாசல் டீக்கடைக்காரர் என்று ஒவ்வொருவரிடமும் பேச மூன்று பதில்கள் திரையில் வரும். இருவரும் ஆளுக்கொரு விசையை அழுத்தித் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே பதிலைத் தேர்ந்தெடுத்தால் கதை நகரும். வேறு வேறாக இருந்தால்?

முதல் நாளில் 31 பேச்சுகளில் 19 தகராறு.

இந்தச் சிக்கலைப் பெரிய நிறுவனங்களும் சந்தித்திருக்கின்றன. 2011இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக்' விளையாட்டில் குழுவாகப் பேசும்போது ஒவ்வொருவரும் தம் பதிலைத் தேர்ந்தெடுப்பார்கள். கணினி ஆளுக்கொரு எண்ணை உருட்டும், பெரிய எண் வந்தவர் பேசுவார். முழுக்க அதிர்ஷ்டம். ஆனால் நல்லவன், கெட்டவன் என்ற புள்ளி மட்டும் அவரவர் தேர்ந்தெடுத்த பதிலுக்கே சேரும். தோற்றவருக்கும் மனசாட்சி மிஞ்சட்டும் என்ற அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. 2014இன் 'டிவினிட்டி: ஒரிஜினல் சின்' வேறு வழியில் போனது. இரண்டு நாயகர்களுக்குள் கருத்து வேறுபாடு வந்தால் கல், காகிதம், கத்தரிக்கோல். அதிலும் வசீகரத் திறன் கூடிய பாத்திரத்துக்கு ஒவ்வொரு வெற்றிக்கும் அதிகப் புள்ளி கிடைக்கும். கையும் ஆடுகிறது, பாத்திரத்தின் குணமும் ஆடுகிறது.

நான் சோம்பேறித்தனமாக முதல் வழியை எடுத்துக்கொண்டேன். சமவாய்ப்பு எண் ஒன்றைக் கேட்பதற்கு ஒரு வரி, ஒற்றைப்படை வந்தால் அக்கா, இரட்டைப்படை வந்தால் தம்பி. முடிந்தது வேலை.

அதனால்தான் பையன் பிராதுடன் வந்தபோது அவனை உட்காரவைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். "தொடர்ந்து ஆறு தடவை தோற்றேன்" என்றான். 19 தடவை நாணயம் சுண்டினால் யாராவது ஒருவர் தொடர்ந்து ஆறு முறை தோற்பதற்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு வாய்ப்பு உண்டு. இதில் அதிசயம் ஒன்றுமில்லை என்று தாளில் போட்டுக் காட்டினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு நோட்டை நீட்டினான். மூன்று நாள் முடிவுகளை அ, த என்று எழுதிவைத்திருந்தான். அ அ அ அ அ அ த அ த த. அடுத்த நாள் பக்கத்திலும் அ அ அ அ அ அ த அ த த. மூன்றாம் நாளும் அதேதான்.

காது சூடாகிவிட்டது. எங்கள் பழைய லேப்டாப்பில் இருந்தது, வீடியோ விளையாட்டு செய்ய உதவும் கோடோட் என்ற மென்பொருளின் மூன்றாம் பதிப்பு. அதில் விளையாட்டு தொடங்கும்போது எண்களைக் கலைத்துவிடச் சொல்லித் தனியாக ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதே எண்கள் அதே வரிசையில் வரும். நான் கொடுக்கவில்லை. லேப்டாப் நிஜமாகவே அக்கா பக்கம்தான் இருந்திருக்கிறது. நான் போட்ட கணக்கில் பிழையில்லை, கணக்கைப் போட்ட இடம்தான் பிழை.

இதைவிடப் பெரிய செய்தி சாயங்காலம் வெளிவந்தது. வரிசை மாறாது என்பது என் மகளுக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. தகராறு வந்தால்தான் எண் உருளும், ஒத்துப்போனால் உருளாது என்பதையும் பிடித்துவிட்டாள். ஏழாவது எண் தம்பிக்குப் போகும் என்று தெரிந்து, நடத்துநரிடம் சில்லறை கேட்கும் அற்பமான பேச்சில் வேண்டுமென்றே முரண்டுபிடித்து அந்தத் தோல்வியை அங்கே செலவழித்திருக்கிறாள். கணக்குப்பிள்ளையிடம் பேசும் முக்கியமான இடத்துக்கு எட்டாவது எண்ணைப் பத்திரமாக வைத்திருந்தாள். முழுக்க அதிர்ஷ்டம் என்று நான் எழுதிய இடத்தில் அவள் முழுக்கத் திறமையால் ஜெயித்துக்கொண்டிருந்தாள். திட்ட வாய் வரவில்லை.

கோடோட் நான்காம் பதிப்புக்கு மாற்றினேன். அதில் எண்களைத் தானாகவே கலைத்துக்கொள்ளும். இன்னொரு லாபமும் இருந்தது. மூன்றாம் பதிப்பில் தமிழ் எழுத்து ஒழுங்காக விழாது. 'கெ' என்று அடித்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதனால் எல்லா வசனத்தையும் படமாக்கி ஒட்டியிருந்தேன். 2023இல் வந்த நான்காம் பதிப்பில் எழுத்துகள் சரியாகச் சேர்கின்றன. இரண்டு இரவு வேலை.

ஆனால் பையன் நம்பவில்லை. "உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்?" என்றான். பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஒரு முறை மாட்டிக்கொண்ட தராசை எந்தக் கடைக்காரரும் மறுபடி மேசைமேல் வைப்பதில்லை. 2023இன் 'பால்டர்ஸ் கேட் 3' விளையாட்டில் இருபது முகப் பகடை திரையில் உருண்டு விழுவதைக் காட்டுவார்கள். ஆனால் தொடர்ந்து தோற்காதபடி, தொடர்ந்து ஜெயிக்காதபடி பின்னால் இருந்து சரிக்கட்டும் ஒரு வசதி அதில் உண்டு, விளையாடுபவர் விரும்பினால் அணைத்துவைக்கலாம். அதற்குக் கர்மப் பகடை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊர் வினை எங்கெல்லாம் வேலை பார்க்கிறது! அதைப் போல ஒன்றைச் சேர்க்கலாமா என்று யோசித்தேன். பையனின் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். இனி இவன் கண் எதிரில் உருளுவது மட்டுமே செல்லுபடியாகும்.

கல், காகிதம், கத்தரிக்கோல் ஒரே மத்தியானத்தில் செத்துப்போனது. பையன் எப்போதும் கல்லில் தொடங்குவான், தோற்றால் கத்தரிக்கோலுக்குப் போவான். மகளுக்கு அது போதும். ஒற்றையா இரட்டையா ஆடினால் அவனுடைய மூடிய கை எவ்வளவு புடைத்திருக்கிறது என்று பார்த்தே சொல்லிவிடுகிறாள்.

என் அம்மாதான் வழி சொன்னார். பிள்ளைகளுக்கு ஆயா. செய்யாறு பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். "தாயக்கட்டை எடுத்து உருட்டிவிட்டுப் போங்களேன்" என்றார். வீட்டில் இருந்த பித்தளைக் கட்டைகளில் ஒன்று எந்தக் காலத்திலோ காணாமல் போய்விட்டது. கடையில் வாங்கியிருக்கலாம். வரைபடக்காரன் வாங்குவானா?

தெருமுனைத் தச்சரிடம் கதவுச் சட்டத்தில் மிச்சமான தேக்குத் துண்டு வாங்கி வந்தேன். ஆறு சென்டிமீட்டர் நீளம், ஒன்பது மில்லிமீட்டர் சதுரம் என்று இரண்டு கட்டைகள் அறுத்தேன். முகங்களுக்குக் குழி: ஒன்று, இரண்டு, மூன்று, ஒன்றுமில்லாத வெறும் முகம். ஒன்றுக்கு எதிர் மூன்று, இரண்டுக்கு எதிர் வெறும் முகம். கண்ணுக்கு அழகாகவே இருந்தன.

ஏமாந்தவன் உஷாராக இருக்க வேண்டுமே. முதல் கட்டையை 320 தடவை உருட்டி எண்ணினோம். நாற்பது உருட்டுக்கு ஒரு முறுக்கு என்று கூலி பேசியதால் பிள்ளைகள் ஒத்துழைத்தார்கள். ஒவ்வொரு முகமும் 80 தடவையை ஒட்டி வர வேண்டும். வந்தது: ஒன்று 101, மூன்று 98, இரண்டு 63, வெறும் முகம் 58. வர வேண்டிய எண்ணிக்கையிலிருந்து வந்தது எவ்வளவு விலகியது என்று அளக்கும் கை-வர்க்கச் (chi-square) சோதனை போட்டால் 19.2. நான்கு முகக் கட்டைக்கு 7.8ஐத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும்.

வெர்னியர் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். ஒரு பக்க அகலம் 9.2 மில்லிமீட்டர், அடுத்த பக்கம் 8.6. அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டிய வித்தியாசம்தான். செங்கல்லைத் தூக்கிப் போட்டால் குறுகிய விளிம்பில் நிற்காமல் பட்டையாகத்தானே விழும்? இந்தத் தேக்குக் குச்சியும் அகலமான முகத்தில் படுக்கவே ஆசைப்படுகிறது.

இங்கே ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஒன்றும் மூன்றும் அதிகம் விழுகின்றன, ஆகவே அவற்றைத் தேய்த்தால் குறையும் என்று நினைத்து, அரத்தை எடுத்து அந்த இரண்டு முகங்களையும் தேய்த்தேன். மறுபடி அளந்தால் 9.2க்கு 8.4. கட்டை இன்னும் தட்டையாகிவிட்டது! அகலமான முகத்தைத் தேய்த்தால் உயரம்தான் குறையும், அகலம் அப்படியே இருக்கும். தேய்க்க வேண்டியது அரிதாக விழும் முகங்களை. பதினெட்டு வருடமாகக் குறுக்குவெட்டு வரைந்து சாப்பிடுகிறவன், வாரம் முழுக்க யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

அரத்தைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடித் துண்டின்மேல் உப்புத்தாளை விரித்து, இரண்டு என்ற முகத்தையும் வெறும் முகத்தையும் எட்டெட்டு இழுப்பாக மாற்றி மாற்றித் தேய்த்தேன். எட்டு இழுப்புக்கு ஒரு முறை வெர்னியர். ஒரே திசையில் இழுக்க வேண்டும். முன்னும் பின்னும் இழுத்தால் ஓரம் வளைந்துவிடும். 8.4க்கு 8.4 வந்தபோது இரண்டு என்ற முகத்தின் குழிகள் பாதி அழிந்துபோயிருந்தன, டிரில்லை மறுபடி பிடித்துத் தோண்டினேன். பிறகு மீண்டும் 320 உருட்டு, மீண்டும் எட்டு முறுக்கு. ஒன்று 88, இரண்டு 75, மூன்று 71, வெறும் முகம் 86. சோதனை மதிப்பு 2.6. தாராளமாக ஏற்கலாம். இரண்டாவது கட்டையை உருட்டுவதற்கு முன்பே அளந்துவிட்டேன்.

அம்மா இரண்டையும் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "லேசாக இருக்கிறது, ஆனாலும் ஓடும்" என்றார். உருட்டினார். தாயம், அதாவது ஒரு கட்டையில் ஒன்று, மற்றதில் வெறும் முகம். மறுபடி உருட்டினார். பன்னிரண்டு, இரண்டிலும் வெறும் முகம். பையன் உடனே நோட்டை எடுத்துவிட்டான். அறுபது உருட்டில் அம்மாவுக்குப் பதினைந்து தாயம். இரண்டு கட்டைக்கும் சேர்த்துப் பதினாறு விதமான விழுகை. அதில் தாயம் இரண்டே விதம். அறுபதுக்கு ஏழெட்டு வந்தால் நியாயம்.

"கைராசி" என்றார் அம்மா.

தரையோடு தரையாகத் தலையை வைத்துப் படுத்துக்கொண்டு பார்த்தேன். பெருவிரலுக்கு அடியில் இருக்கும் கட்டை வெறும் முகத்தை மேலே காட்டிக்கொண்டே புறப்படுகிறது. உருளவில்லை. மழமழப்பான சிமெண்ட் தரையில் வழுக்கிக்கொண்டு போய் அப்படியே நிற்கிறது. இன்னொன்று மட்டும்தான் உருளுகிறது. ஒரு கட்டை வெறும் முகத்தில் நின்றுவிட்டால் தாயத்துக்கு நாலில் ஒரு வாய்ப்பு, பன்னிரண்டுக்கும் நாலில் ஒன்று. அறுபதுக்குப் பதினைந்து சரியாகத்தான் இருக்கிறது. அம்மா தெரிந்து செய்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். அறுபது வருடப் பழக்கம் கையில் ஏறியிருக்கிறது. எங்கள் பக்கத்துப் பாரதக் கூத்தில் சூது ஆடும் இரவில் சகுனி கட்டையை எப்படித் தேய்ப்பான் என்பதை மட்டும் அவரே செய்துகாட்டினார்.

கையை நம்ப முடியாது என்றால் கோபுரம் கட்ட வேண்டும். ரோமானியர்களுக்கும் இதே சந்தேகம் இருந்திருக்கிறது. உள்ளே சாய்தளங்கள் வைத்த பகடைக் கோபுரம் ஒன்று, 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, ஜெர்மனியில் அகழ்ந்தெடுக்கப்பட்டது. ஆம்பூரில் வாங்கிய செருப்பின் பெட்டியை நிமிர்த்தி, உள்ளே இரண்டு அட்டைகளைச் சரிவாக ஒட்டினேன். மேலே போட்ட கட்டைகள் கீழே வரவேயில்லை. ரோமானியர் போட்டது கனசதுரம், என்னுடையது ஆறு சென்டிமீட்டர் குச்சி. இரண்டு அட்டைக்கும் நடுவில் குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது. மகள் சமையலறையிலிருந்து அரைப்படியைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே போட்டு, கையால் மூடி, மூன்று குலுக்கு, ஒரு சாண் உயரத்திலிருந்து கோரைப்பாயின்மேல் கவிழ்ப்பு. பாயில் வழுக்காது. அம்மாவின் தாயம் ஐம்பதுக்கு ஆறாக இறங்கியது. கோபுரத்தில் இப்போது பல்லி குடியிருக்கிறது.

விழுந்த எண்ணை விசையில் அழுத்தினால் விளையாட்டு அதை ஏற்றுக்கொள்ளும்படி மாற்றினேன். இரண்டு வெறும் முகம் விழுந்தால் பன்னிரண்டு, வழக்கப்படி. இருவர் எண்ணும் சமமானால் மறு உருட்டு. இரண்டு நாள் அமைதி.

மூன்றாம் நாள் ஒரு விஷயம் உறுத்தியது. பிள்ளைகள் வசனத்தைப் படிப்பதை நிறுத்திவிட்டார்கள். எதையோ அழுத்துகிறார்கள், அரைப்படியைக் குலுக்குகிறார்கள். நான் இரவெல்லாம் எழுதிய கணக்குப்பிள்ளையின் குத்தல் பேச்சை யாரும் பார்க்கவேயில்லை. அம்மாவுக்கும் பிடிக்கவில்லை. "கூத்தில் கர்ணனுக்கும் அவன் மனைவி பொன்னுருவிக்கும் தர்க்கம் என்றால் அரை ராத்திரி நடக்கும். யார் வாய் ஜெயித்தது என்று ஊருக்கே தெரியும். அங்கே யார் கட்டை உருட்டினார்கள்?" என்றார்.

சரி, அப்படியானால் நீங்களே நடுவர் என்றேன். தகராறு வந்தால், உருட்டுவதற்கு முன் இருவரும் தம் பாத்திரத்தின் குரலில் ஏன் இந்தப் பதில் என்று சொல்ல வேண்டும். யார் சொன்னது எடுபடுகிறதோ அவருக்கு அம்மா விரல் காட்டுவார். அத்தனை புள்ளி அவர் உருட்டில் கூடும். எத்தனை விரல் வரை காட்டலாம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இருவர் உருட்டிலும் மொத்தம் 256 சேர்க்கைகள். ஒரு மத்தியானம் உட்கார்ந்து எண்ணினேன். ஒரு விரல் கிடைத்தவர் நூற்றுக்கு 69 தடவை ஜெயிப்பார். இரண்டு விரல் என்றால் 82. மூன்று விரல் என்றால் 90. மூன்று விரலை அனுமதித்த நாளில் பையன் தோற்ற பக்கம் இருந்தால் அரைப்படியைத் தொடவே மறுத்தான். ஒரு விரல் மட்டும் என்று குறைத்த நாளில் மகள் "இதற்கு எதற்கு அவ்வளவு பேச வேண்டும்?" என்று கொட்டாவி விட்டாள். இரண்டில் நிறுத்தினோம்.

அம்மா பேரனுக்குச் சாய்கிறார் என்ற புகார் உடனே எழுந்தது. நோட்டைப் பார்த்தால் புகாரில் உண்மை இருக்கிறது. மனிதத் தராசைத் தேய்க்க உப்புத்தாள் கிடையாது. "நான் இன்னும் நன்றாகப் பேச வேண்டியதுதான்" என்று மகளே சொல்லி அந்தப் பஞ்சாயத்தை முடித்துக்கொண்டாள்.

நேற்று மண்டிக் காட்சி. நம் மூட்டையின் வாயை நீலக் கயிற்றால் இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறோம், அதைச் சொல்லிக் கேட்கலாம் என்பது பையனின் கட்சி. மேலதிகாரி எங்கள் மாமா என்று மிரட்டலாம் என்பது மகளின் கட்சி. பையன் எழுந்து நின்று, கயிற்றை வாங்கிய கடை, முடிச்சுப் போட்ட அப்பா, தூக்கும்போது முள் குத்திய தன் விரல் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். அம்மா யோசிக்காமல் இரண்டு விரலைக் காட்டினார். அவன் உருட்டு ஐந்து. இரண்டு சேர்த்து ஏழு. மகள் அரைப்படியைக் கவிழ்த்தாள். பாயின்மேல் இரண்டு வெறும் முகம்.

பன்னிரண்டு. பையன் ஒன்றும் சொல்லவில்லை. கட்டைகளைக் குனிந்து பார்த்தான், தொட்டுப் பார்த்தான், நோட்டில் அ என்று எழுதினான். திரையில் மகளின் மிரட்டல் போனது. கணக்குப்பிள்ளை நான் எழுதிவைத்தபடி உடனே பயந்து மூட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"இது எப்படி?" என்று அப்போதுதான் கேட்டான். "நாங்கள் இரண்டு பேரும் உருட்டினோம். இவர் மட்டும் ஏன் உருட்டாமலே பயப்படுகிறார்?"

2008இன் 'ஃபால்அவுட் 3' விளையாட்டில் எதிராளி ஒத்துக்கொள்வதற்கு நூற்றுக்கு இத்தனை என்று வாய்ப்பு இருந்ததும், அதே தொடரில் 2010இல் வந்த 'நியூ வேகாஸ்' அதைத் தூக்கிவிட்டுப் பேச்சுத்திறன் இந்த அளவு இருந்தால் போதும் என்று கோடு போட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தது. எதைச் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாயில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"கணக்குப்பிள்ளைக்கு நான் உருட்டுகிறேன்" என்று கட்டைகளை எடுத்தார்.

"ஆயா, கையால் இல்லை" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில். மகள் அரைப்படியை அவர் பக்கம் தள்ளினாள்.